உல்லாசக் கப்பலில் உள்ளபடி

இராயபுரத்தில் வசிப்பவர்களுக்குக் கப்பல் என்பது ஓர் அதிசய வஸ்து அல்ல. மயிலாப்பூர்வாசிக்குத் தெப்பக்குளம் எப்படியோ, அப்படித்தான் எங்களுக்குக் கப்பல். கோழி கூவுவதற்கு முன்பே கப்பலின் சங்கு ஊதி எங்களை எழுப்பிவிடும். ஆனால் கப்பல் என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது உல்லாசமல்ல; உழைப்பு. சுமை, கூலி, இராத்திரி ஷிப்டு, துறைமுக வாசலில் மைல் கணக்கில் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள், காசிமேட்டில் ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம் - இவைதான் எங்கள் கப்பல் சாஸ்திரம்.

ஆகவே, 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 4-ஆம் தேதி, சரக்கு ஏற்றவும் வராமல், சரக்கு இறக்கவும் வராமல், மனிதர்களைச் சும்மா கடலில் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்காகவே ஒரு பெரிய கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியபோது, எங்கள் பேட்டை சற்றுத் திகைத்துத்தான் போயிற்று. முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். என் வகுப்பில் மீன் பிடிப்பவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அந்தக் கப்பலில் என்ன மீன் பிடிப்பார்கள்?" என்று கேட்டான். "மீன் பிடிக்க மாட்டார்கள், பணம் கொடுத்து ஏறி, சாப்பிட்டு, தூங்கி, திரும்பி வருவார்கள்" என்றேன். அவன் நம்பவில்லை. ஔவைப் பாட்டி கடலைக் கடந்தாவது பொருள் தேடச் சொன்னாள் என்று அதற்கு முந்திய வாரந்தான் நான் பாடம் சொல்லியிருந்தேன். கடலுக்குப் போய்ப் பொருளைச் செலவழிக்கும் விஷயம் பாடத்தில் இல்லை.

அதற்குப் பிறகு ஓர் ஆனி மாத வாரக் கடைசியில் நானும் குடும்பத்துடன் அந்தப் பிரயாணத்தைச் செய்து பார்த்தேன். திரும்பி வந்ததிலிருந்து உறவினரும் நண்பர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போகலாமா? கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கும்?" எல்லோருக்கும் தனித்தனியே பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டபடியால், நேயர்கள் எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முன்னே போனவர்கள்

நம்மவர்கள் கப்பலேறுவது புதிதல்ல. ஆனால் யாரும் பொழுது போக்குவதற்காக ஏறியதில்லை. சென்னைக்கு இயற்கையான துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, பிரயாணிகள் மசூலாப் படகுகளில் அலையோடு மல்லாடிக் கரையேறுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் கற்சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். 1881-ஆம் வருஷத்துப் புயல் அதை அடித்து நொறுக்கியது. மறுபடியும் கட்டினார்கள். இந்தத் துறைமுகத்தின் கணக்கு இலாகாவில் 1912-இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். அவர்தான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். கடல் கடந்தால் ஜாதி கெட்டுவிடும் என்று வீட்டார் அஞ்சிய காலம் அது. அந்தத் தடைகளையெல்லாம் தாண்டி 1914 மார்ச் 17-ஆம் தேதி இதே துறைமுகத்திலிருந்து 'நெவாஸா' என்ற கப்பலில் அவர் சீமைக்குப் புறப்பட்டார். கணக்கு வாத்தியார்கள் எல்லோரும் இந்தத் துறைமுகத்தைத் திசை நோக்கித் தொழ வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ராமானுஜனுக்காவது படுக்க அறை இருந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஆயிரமாயிரம் தமிழர்களுக்கு அதுவும் இல்லை. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சுமார் ஐயாயிரம் பேரை மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலுமாக ஏற்றிக்கொண்டு போகும். பாயும் தலையணையும் அவரவருடையது. அதற்குப் பின் 'சிதம்பரம்' என்ற நம் நாட்டுக் கப்பல் ஓடிற்று. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். சென்னை–சிங்கப்பூர்ப் பிரயாணிக் கப்பல் சேவையும் அத்துடன் அஸ்தமித்தது.

ஆகவே எங்கள் பேட்டையில் "கப்பலில் போனார்" என்று சொன்னால், போனவர் என்றைக்குத் திரும்புவாரோ என்ற கவலையும் அதில் சேர்ந்தே ஒலிக்கும். "திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறியவர்கள் எங்கள் தலைமுறையினர்தான்.

கப்பல் எப்படிப்பட்டது?

கப்பலின் பெயர் 'எம்பிரஸ்', அதாவது சக்கரவர்த்தினி. சக்கரவர்த்திகளின் ஆட்சி ஒழிந்து சரியாக எழுபத்தைந்தாவது வருஷத்தில் ஒரு சக்கரவர்த்தினி சென்னைக்கு விஜயம் செய்தாள்! இம்முறை ஆளுவதற்கல்ல, வாடகைக்கு. பிரான்ஸ் தேசத்தில் ஸான் நஸேர் என்ற ஊரில் கட்டப்பட்டு 1990-இல் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பல், அயல் சமுத்திரங்களில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு, பிறகு 'கார்டீலியா' என்ற பெயரில் நடக்கும் இந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நீளம் சுமார் 210 மீட்டர். அறைகள் ஏறக்குறைய எண்ணூறு. கொள்ளளவு 48,000 டன்னுக்குச் சற்று மேல். இங்கே டன் என்பது எடையல்ல. கப்பலின் உட்புறக் கன அளவைக் குறிக்கும் கணக்கு. பெயர்போன 'டைட்டானிக்'கின் கணக்கு 46,328 என்றால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் இன்றைய உலகத்தில் இது நடுத்தரத்துக்கும் சிறிய கப்பல்தான். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆப் தி ஸீஸ்' என்ற கப்பலின் கணக்கு 2,48,663.

முதல் வருஷத்தில் இரண்டு இரவு நடுக்கடலில் சுற்றித் திரும்பும் பிரயாணமும், விசாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய ஊர்களைத் தொட்டு வரும் நீண்ட பிரயாணமும் ஏற்பாடாயின. கப்பலில் சூதாட்டம் உண்டு என்ற ஆட்சேபணை கிளம்பியதால் அவ்வருஷம் புதுச்சேரி கப்பலை அனுமதிக்கவில்லை. 2023 ஜூன் 5-ஆம் தேதி, சென்னையில் 17.21 கோடி ரூபாய்ச் செலவில் உருவான பிரயாணிகள் முனையத்திலிருந்து, ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்குப் பிரயாணம் ஆரம்பமாயிற்று.

ஏறுவதும் இறங்குவதும்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: கப்பலேறுவது ரயிலேறுவது போலல்ல, விமானமேறுவது போல. பெட்டிகளை வாசலிலேயே சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை பல மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு வரும். மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புளியோதரையும் இஸ்திரிப் பெட்டியும் பரிசோதனையில் நின்றுவிடும். கப்பலில் தீயைவிடப் பெரிய சத்துரு கிடையாது. இலங்கைப் பிரயாணத்துக்குப் பாஸ்போர்ட்டும் விஸாவும் வேண்டும்.

இரண்டாவது, அறை. விளம்பரப் படத்தில் ஒரு தம்பதி உப்பரிகையில் அமர்ந்து அஸ்தமன சூரியனைப் பார்ப்பார்கள். அந்த உப்பரிகை அறையின் விலை வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட விலை வேறு. பெரிய எழுத்து விலைக்குக் கிடைப்பது ஜன்னலே இல்லாத உள்ளறை. நள்ளிரவா நண்பகலா என்று அதில் தெரியாது. அதுவும், இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. அதற்கு மேல் வரி, துறைமுகக் கட்டணம், பணியாட்களுக்கான சேவைத் தொகை எல்லாம் சேரும். பெரிய போஜன சாலைகளில் சாப்பாடு, நாடகம், பாட்டுக் கச்சேரி, நீச்சல் குளம் ஆகியவை டிக்கெட்டிலேயே அடக்கம். பானங்கள், விசேஷ உணவகங்கள், இணைய வசதி, உடம்பு பிடித்துவிடுதல், கரையில் ஊர் சுற்றிக் காட்டுதல் ஆகியவற்றுக்குத் தனிக் காசு. கப்பலில் ரொக்கம் புழங்காது. ஒரு சீட்டைக் காட்டினால் போதும். காசு கண்ணில் படாமல் செலவாவது எவ்வளவு அபாயம் என்பதைக் குடும்ப ஸ்திரீகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் கூட்டி வைத்து, உயிர்காக்கும் அங்கியை மாட்டுவது எப்படி, எந்தப் படகருகே சேர வேண்டும் என்று பயிற்சி கொடுப்பார்கள். ஏழு குறுகிய சங்கொலியும் ஒரு நீண்ட சங்கொலியும் சேர்ந்து கேட்டால் அபாயம் என்று அர்த்தம். இந்தச் சமயத்தில் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1912-இல் 'டைட்டானிக்' மூழ்கிய பிறகுதான் கடற்பிரயாணப் பாதுகாப்புக்குச் சர்வதேச ஒப்பந்தம் பிறந்தது. 2012-இல் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்த பிறகுதான், கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனேயே பயிற்சி நடக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல பிரேதங்கள் இருக்கின்றன.

கடலிலிருந்து எங்கள் கரை

எல்லாவற்றையும் தூக்கியடிப்பது கப்பல் துறையை விட்டு நகரும் அந்த ஒரு மணி நேரந்தான். அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். துறைமுகத்து வழிகாட்டி மாலுமி கப்பலில் ஏறுகிறார். இழுவைப் படகுகள், யானையை நடத்திச் செல்லும் பாகர்களைப் போல, இரு புறமும் ஒட்டிக்கொள்கின்றன. கற்சுவரைத் தாண்டியதும் மேல்தட்டிலிருந்து மேற்கே பார்த்தால் சென்னை முழுவதும் ஒரே கோடாக விரிகிறது.

பெரும்பாலோர் தென்புறம் திரும்பி மெரீனாவையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்தார்கள். நான் வடபுறம் திரும்பினேன். காசிமேட்டுப் படகுத் துறை, அதற்கப்பால் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். தூரத்தில் மணலி ஆலைகளின் விளக்குகள். இன்னும் தூரத்தில் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் ஸ்டேஷனும், பட்டினத்தடிகள் சமாதி கொண்ட திருவொற்றியூர்க் கடற்கரையும் அந்த ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. காதறுந்த ஊசியைக் காட்டிச் செல்வத்தைத் துறந்தவர் இளைப்பாறும் கரைக்கு எதிரே, ஒரு சுகபோக மாளிகை தீபாலங்காரத்துடன் மிதந்து போகிறது! சிரிக்கவும் தோன்றியது; சிந்திக்கவும் தோன்றியது.

தென்புறத்து மெரீனா மணற்பரப்பு அவ்வளவு அகலமாக இருப்பதற்கும், வடபுறத்துக் கரை முழுவதும் கருங்கல் கொட்டிக் கிடப்பதற்கும் காரணம் ஒன்றே. நம் கடலில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துச் சுவர் அதைத் தடுத்ததும், தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையைத் தின்றது. நகரத்துக்கு உலாவ மணல் கிடைத்தது. இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வீடும் தெருவும் போயின. இந்தக் கணக்கைக் கடலிலிருந்து பார்க்கும்போதுதான் இரு பக்கமும் ஒரே பார்வையில் தெரிகிறது.

நிலக்கரியின் கதையும் அதுவே. பல வருஷங்கள் எங்கள் வீட்டுத் திண்ணையைத் துடைத்தால் துணி கறுத்துப் போகும். உயர்நீதி மன்றத்தின் உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. சந்தோஷப்பட்டோம். ஆனால் கரி மறைந்துவிடவில்லை. 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எங்கள் திண்ணை வெளுத்தது. எண்ணூர்க்காரர் திண்ணை கறுத்தது. வெள்ளை வெளேரென்ற உல்லாசக் கப்பல் வந்து நின்றது கரி அகன்ற துறைமுகத்தில்தான் என்பதைப் பிரயாணிகள் அறிந்துகொள்வது நல்லது.

2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு எதிரே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. வாலிபர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அதை அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்தில் படகும் வலையும் பாழாயின. அந்தக் கரிய தண்ணீரும் கப்பல் மிதக்கும் நீல ஜலமும் ஒரே கடல்தான்.

கப்பல் வாழ்க்கை

இனி, உள்ளே. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சைவருக்கும், வெங்காயம் பூண்டு ஒதுக்கும் ஜைனருக்கும்கூட ஏற்பாடு உண்டு. கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றி. விடியற்காலை முதல் நள்ளிரவு வரை ஏதாவது ஒரு மூலையில் பந்தி நடந்துகொண்டே இருக்கும். "கொடுத்த பணத்துக்குச் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும்" என்ற விரதத்துடன் வந்தவர்கள் இரண்டாம் நாள் வைத்தியரைத் தேடுவார்கள். வைத்தியருக்குத் தனிக் காசு.

தனிமை நாடுவோருக்குப் பகல் நேரத்துக் கப்பல் ஏற்றதல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே வீட்டில் கலியாணத்துக்கு வந்து இறங்கியது போலிருக்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், முதியோருக்குச் சங்கீதச் சத்தம் சற்று அதிகம். கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுவதற்கென்றே கப்பல் கட்டியிருக்கிறார்களோ என்று சில சமயம் தோன்றும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து மேல்தட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாட்டு ஓய்ந்திருக்கும். நாற்புறமும் இருள், தலைக்கு மேல் பட்டணத்தில் என்றும் காணாத நட்சத்திரங்கள், கீழே கப்பல் கிழிக்கும் நுரையின் சலசலப்பு. அந்த அரைமணி நேரத்துக்கு வரி கிடையாது.

ஆடி மாதக் காற்றில் வங்கக் கடல் சற்று அசையும். தலை சுற்றுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தட்டில் அறை கேட்பது நலம். முன்னும் பின்னும் ஆடுமளவு நடு ஆடாது. வெறும் வயிறு கூடாது. தொடுவானத்தைப் பார்த்து நின்றால் கண்ணும் காதும் சண்டையை நிறுத்திக்கொள்ளும். இஞ்சி நல்லது, வைத்தியர் தரும் மாத்திரையைக் கிளம்புமுன்பே போட்டுக்கொள்வது அதைவிட நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பந்தியில் உட்காரக் கூடாது. 2020-இல் ஜப்பானில் யோகஹாமா துறையில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றிய கதையை மறக்கலாகாது.

கரையின் எல்லை தாண்டியதும் சூதாட்ட அறையைத் திறப்பது இத்தகைய கப்பல்களின் உலக வழக்கம். பன்னிரண்டு கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டினால் கரையிலுள்ள சட்டத்தின் பிடி தளரலாம். தர்மபுத்திரர் கதை மாறிவிடாது.

இலங்கைப் பிரயாணத்தில் திருகோணமலையில் கோணேசரைத் தரிசிக்கலாம். காங்கேசன்துறையில் இறங்கினால் நல்லூர்க் கந்தனைக் காணலாம். ஆனால் சில மணி நேரமே கிடைக்கும். யாழ்ப்பாணத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பித்த நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகே சிலாக்கியம். உண்மையான கடல் அநுபவம் வேண்டுமென்பவர்களுக்குச் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் சர்க்கார்க் கப்பல் இருக்கிறது. சுமார் அறுபது மணி நேரம்; படுக்கை சாதாரணம்; ஆடம்பரம் பூஜ்யம். ஆனால் உடன் வருபவர்கள் வீட்டுக்குப் போகிற மனிதர்கள்.

கப்பல் யாருக்கு?

1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது ஒரு பங்கின் விலை இருபத்தைந்து ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. அவற்றில் நீச்சல் குளம் இல்லை. ஆனால் ஏறியவர்கள் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கப்பலில் போவதாக நினைத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் கொல்லப் பார்த்தது. சர்க்கார் 1908-இல் அவரைச் சிறையிலிட்டது. கம்பெனி மடிந்தது. கடலில் நமக்கும் பாத்தியதை உண்டு என்ற எண்ணம் மட்டும் மடியவில்லை.

அந்தப் பாத்தியதையை உல்லாசத்தால் மட்டும் நிலைநாட்ட முடியாது. உல்லாசக் கப்பல் வருவதில் எனக்கு ஆட்சேபணையில்லை. உழைத்துக் களைத்த குடும்பம் இரண்டு நாள் கவலையின்றிக் கடலைப் பார்ப்பது நல்லதே. கையில் மிச்சம் இருந்தால், விலைப் பட்டியலின் சிறிய எழுத்தையும் படித்துவிட்டு, ஒரு முறை போய் வாருங்கள். கடன் வாங்கிப் போக வேண்டிய ஸ்தலம் அதுவல்ல. ஆனால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து, அதன் கரியையும் எண்ணெயையும் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகள், அந்தக் கப்பலை மதிலுக்கு வெளியேயிருந்து மட்டும் பார்க்கும்படி விடலாகாது. பொறி அறையும் மாலுமி மேடையும் அவர்களுக்குத்தான் முதலில் காட்டப்பட வேண்டும். 2008-இல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகத்தின் தலைமையிடம் இதே சென்னையில்தான் இருக்கிறது. இராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் அங்கே எத்தனை பேர் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் எங்களைப் போன்ற வாத்தியார்களுக்கு முக்கியமான கணக்கு.

"என்ன மீன் பிடிப்பார்கள்?" என்று கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது கப்பலின் படத்தைக் காட்டி, நீளம், கன அளவு, வேகம் எல்லாம் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். வேகக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டான். அடுத்தாற்போல், "இதை ஓட்டுவதற்கு என்ன படிக்க வேண்டும், சார்?" என்று கேட்டான்.